சைலன்சர் துருவுக்கு ஒரு வழி சொல்லுங்க அண்ணாச்சிமாரே

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு உவரி, கடலுக்குப் பக்கத்துலயே வீடு. அப்பா ஓட்டுன வண்டி இப்போ என்கிட்ட இருக்கு, இஞ்சின் நல்லா இருக்கு ஆனா சைலன்சரை உப்புக்காத்து அரிச்சுத் தின்னுட்டு. அடிப்பக்கம் வெல்டிங் ஜாயிண்ட்ல விரலை வச்சு அழுத்துனா அப்பளம் மாதிரி பொருபொருன்னு உதிருது.

போன வருசம் சாதா சில்வர் பெயிண்ட் அடிச்சேன், ஒரே வாரத்துல சூட்டுல கொப்புளிச்சு உரிஞ்சிட்டு. அதோட நான் தினம் ரெண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுதேன், அதுக்குள்ள சைலன்சர் முழுசா சூடாகாது, பெட்ரோல் எரியும்போது வர்ற நீராவி உள்ளயே தண்ணியா நின்னு உள்பக்கமும் அரிக்கி. அடியில இருக்க சின்ன ஓட்டை மண்ணு அடைச்சுக் கெடந்துச்சு, நேத்து கம்பியை விட்டுக் குத்துனேன், டீத்தண்ணி கலர்ல சொட்டுச்சு பாருங்க, மனசே கேக்கல.

இப்போ கம்பி பிரஷ், 80ம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தின்னர்ல தொடச்சு, 600 டிகிரி தாங்குற ஹீட் பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன். அதுக்கு அடியில துரு மாத்துற ஆசிட் மருந்து போட்டா சைலன்சர் சூட்டுக்கு நிக்குமா? பெயிண்ட் அடிச்சப்புறம் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமா சூடாக்கி ஆற விடணும்னு சொல்லுதாவளே, எத்தனை தடவை, எவ்வளவு நேரம்?

ஜாயிண்ட்ல தகடு வச்சுப் பத்த வைக்க திசையன்விளை, வள்ளியூர் பக்கம் மெல்லிசு தகட்டை ஓட்டை போடாம வெல்டிங் பண்ணுற பட்டறை தெரிஞ்சா சொல்லுங்க. புதுசு மாத்துன்னு மட்டும் சொல்லாதீங்க, அப்பா தொடச்சுத் தொடச்சு வச்சிருந்த வண்டி.