கோணலான தண்டவாளமும் புதுக்குடிச் சோறும்

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து ஒரு அம்மா:

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குச் சென்னையில் தலைப்பிரசவம். 20-ஆம் தேதி ஆபரேஷன் என்று குறித்திருந்தார்கள். இங்கே விடாத மழை. "இந்த மழையில போகணுமா?" என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். நான் காலையிலேயே ஜெபித்து முடிவெடுத்துவிட்டேன். அன்று கிடைத்த வசனம் அப்படி: "நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்." இதற்கு மேல் என்ன வேண்டும்? பேறுகால மருந்து, முறுக்கு, பிள்ளைக்குப் பழைய பருத்திச் சேலைத் துணி எல்லாம் கட்டிக்கொண்டு ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். சுமார் 800 பேர் இருந்தோம். கொஞ்சப் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள், அதற்குள் பாதை மூழ்கிவிட்டது. விடிந்து பார்த்தால் நாலா பக்கமும் வெள்ளம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது பிறகுதான் தெரியும். செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லியெல்லாம் அடித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது என்று ஒரு பையன் போனில் படம் காட்டினான். துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது. என் வசனம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை.

வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. போனில் சார்ஜ் இல்லை. ஜெபம் என்று வாயைத் திறந்தால் சண்டைதான் வந்தது. நீர்தானே போகச் சொன்னீர்? இல்லை, எனக்குப் போக ஆசை, அதற்கு ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டேனா? ராத்திரி முழுக்க இதே கேள்வி.

சோறு போட்டவர்கள் புதுக்குடி ஊர்க்காரர்கள். அங்கே அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்தார்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு அழுதேன். பரிமாறிய பெண், "சாப்பிடுங்கக்கா, அழுதா தண்ணி வடிஞ்சிருமா?" என்று அதட்டினாள். அவள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை வருஷம் கேரீத் ஆற்றங்கரையில் எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்த பைபிள் கதையைப் படம் வரைந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அங்கே கேரீத் ஆறு வற்றிவிட்டது, இங்கே தாமிரபரணி பெருகிவிட்டது. பசி ஒன்றுதான். (காகம் என்று அவர்களைச் சொன்னதாக யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

செவ்வாய்க்கிழமை மீட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயில் விட்டார்கள். மணியாச்சியில் போனுக்கு உயிர் வந்ததும் மருமகன் செய்தி: பெண்குழந்தை, திங்கள் ராத்திரியே. வலி முந்தி வந்து, ஆபரேஷன் இல்லாமலே. கூட இருந்தது சம்பந்தியம்மா. சந்தோஷம்தான். ஆனால் அந்த இடம் என்னுடையது இல்லையா? நான் இல்லாமலே எல்லாம் நடந்துவிட்டது, அப்படியென்றால் என்னை ஏன் அந்த ரயிலில் ஏற்றினார்? இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெங்களூரிலிருந்து ஒரு தம்பி:

ஸ்தோத்திரம் அம்மா. தப்பாக நினைக்காதீர்கள், ஒரு சந்தேகம். கோயில் சாப்பாடு என்கிறீர்களே, படைத்ததா?

நாசரேத் அம்மா:

வெறும் சோறும் குழம்பும் தம்பி. படைத்ததா என்று நான் கேட்கவில்லை. சாப்பிடுகிறவள் எந்தச் சபை என்று அவர்களும் கேட்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் சின்னத்துறை மீனவர் ஊரிலிருந்து ஒரு சகோதரி:

நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்தீர்கள் அக்கா. ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. 2017 நவம்பர் 30. ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கித்தான் வருவார்கள். புயல் என்று சொல்லக்கூட வழியில்லை, அவர்கள் போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். நான் விடாமல் செபமாலை சொன்னேன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் "ஆண்டவரின் திருவுளம்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவேன். கடவுள் வழிநடத்துகிறார் என்று யாராவது சாட்சி சொன்னால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஒரு வயதான கன்னியாஸ்திரி மட்டும் எதுவும் சொல்லவில்லை. தினமும் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடுவார், போய்விடுவார். நாற்பது நாளைக்கு மேல் இருக்கும். ஒருநாள் அவர் வரவில்லை, காய்ச்சல். அன்றைக்கு நானே எழுந்து உலை வைத்தேன். மறுபடி பூசைக்குப் போனது அதற்கும் எத்தனையோ மாதம் கழித்து.

நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. உங்களுடையது மாதிரி வசனம் பிடித்து நடக்கிற நம்பிக்கை இல்லை.

நாசரேத் அம்மா:

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் சும்மா இருந்தேன். வசனம் எதுவும் அனுப்பப் போவதில்லை.

போன கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு புதுக்குடிக்குப் போனோம். அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. என் பெயர் அவளுக்குத் தெரியாது. "அழுத அக்காதானே? புள்ள என்ன புள்ள?" என்றாள். பேத்தியைக் கையில் கொடுத்தேன்.