பழைய மூவறை வீட்டுக்குப் புது ஜன்னல்: மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அங் மோ கியோ வாசி:

வணக்கம். எங்களுடையது சிங்கப்பூரில் எழுபதுகளில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீடு. அம்மாவும் நானும்தான். பழைய வீவக வீடுகளைப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் கழிவறை, வாசற்கதவு, இரும்புக் கதவு எல்லாம் புதிதாக வந்தன. ஜன்னல் அந்தத் திட்டத்தில் இல்லை, அதனால் முன்பு இருந்தவர்கள் போட்ட பழைய அலுமினிய ஜன்னல்களே இன்னும் இருக்கின்றன. சமையலறை ஜன்னலின் கீல் பக்கம் வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. துணி காயப்போடக்கூட அம்மா அதைத் திறக்கப் பயப்படுகிறார்.

சில கடைகளில் விலை கேட்டேன். எல்லாரும் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம் என்றுதான் பேசினார்கள். விலை மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. எதை வைத்து நல்லது, கெட்டது என்று முடிவு செய்வது? உங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

பிடோக் வாசி:

அக்கா, பொடி உதிர்கிறது என்றால் புது ஜன்னல் வரும்வரை அதைத் திறக்கவே வேண்டாம். உள்ளே கதவைப் பிடித்திருக்கும் அலுமினிய ரிவெட் (அறையாணி) அரித்துக்கொண்டிருக்கலாம். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் போடவேண்டும் என்பது 2004 அக்டோபர் 1 முதல் சட்டம். மாற்றாதவர்களுக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பராமரிக்காமல் விட்டு ஜன்னல் கீழே விழுந்துவிட்டால் 10,000 வெள்ளி, ஓராண்டுச் சிறை வரை போகும். சட்டத்தை விடுங்கள், கீழே பிள்ளைகள் நடந்துபோகிறார்கள். அதைத்தான் முதலில் நினைக்கவேண்டும்.

என் கதை, பக்கவாட்டில் ஓடும் தள்ளு ஜன்னல். வரவேற்பறைக்குப் போட்டோம். பார்க்க நன்றாக இருந்தது, விரலால் தள்ளினாலே ஓடும். அப்புறம் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வீசும் பலத்த காற்றோடு ஒரு மழை வந்தது. கதவு ஓடும் கீழ்த் தடத்தில் தண்ணீர் தேங்கி, உள்பக்கம் வழிந்து சோபா வரை வந்துவிட்டது. போட்டவரைக் கூப்பிட்டால், சிங்கப்பூர் மழைக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. வேறொருவர் வந்து பார்த்துச் சொன்னார்: தடத்துக்கு வெளிப்பக்கம் தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அவற்றின் மேலேயே சிலிக்கோன் பசை பூசி அடைத்துவிட்டார்கள். அவர் அதைக் கீறி எடுத்தார், வேலை முடிந்தது. அதன்பின் எத்தனையோ மழை அடித்துவிட்டது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கண்ணாடி அதேதான், ஜன்னல் சட்டமும் அதேதான்.

கண்ணாடிப் பட்டறை அண்ணன்:

பிடோக் நண்பர் சொன்னதை எல்லாரும் கவனியுங்கள். நான் பல வருஷமாக ஜன்னல் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். ஜன்னல் ஒழுகுவது, ஆடுவது, விழுவது எல்லாம் பெரும்பாலும் ஓரத்தில்தான் தொடங்கும். வாங்குபவர்களோ கண்ணாடியின் நடுவைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். மனம் பொறுக்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆள். வீவக வீட்டுக்கு ஜன்னல் மாற்ற, கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகைக்காரர்தான் (காண்ட்ராக்டர்) வரவேண்டும். பட்டியல் இணையத்தில் இருக்கிறது. கடைப் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். முன்னால் ஒருவர் பேசி, வேலையை யாரிடமோ கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது.

தடிமன் பற்றி அக்கா கேட்டீர்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை கிலோ எடை. 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரமுள்ள ஒரு ஜன்னல் கதவுக்கு 6 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 11 கிலோ. 8 மி.மீ. என்றால் 14 கிலோவைத் தாண்டும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் அவ்வளவு எடையும், கதவைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு ஸ்டே கம்பியிலும் சில ரிவெட்டிலும் தொங்குகிறது. தடிமனைக் கூட்டிவிட்டு அதே மெல்லிய ஸ்டேயைப் போட்டால், கூடுதல் காசு கொடுத்து ஆபத்தைத்தான் வாங்குகிறீர்கள். "இந்த ஸ்டே எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அலுமினிய ஜன்னலுக்கு எஸ்எஸ் 212 என்று சிங்கப்பூர்த் தரநிலை ஒன்று உண்டு. உங்கள் ஜன்னல் அதன்படி செய்ததா என்றும் கேட்கலாம்.

தள்ளு ஜன்னலுக்கு மேலே கோணப் பட்டையும், ஓரத்தில் தடுப்பானும் இருக்கவேண்டும். கதவு தடத்தைவிட்டு வெளியே வராமல் பிடித்துக்கொள்பவை இவைதாம். தேய்ந்தால் மாற்றவேண்டும், விலையும் அதிகமில்லை.

அடுத்தது சிலிக்கோன். பூசும்போது காடி வாசனை மூக்கைத் துளைத்தால் அது அமில வகை. சிமெண்டுச் சுவரில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். வெளிப்பக்கத்துக்கு அமிலமில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். விலைப்பட்டியலிலேயே அதை எழுதி வாங்குங்கள். பழைய ஜன்னல் சட்டத்தை உடைத்து எடுத்த பிறகு சுவர் ஓரம் கரடுமுரடாக இருக்கும். முதலில் சிமெண்டு வைத்து நிரப்ப வேண்டும், அது காய்ந்தபிறகுதான் சிலிக்கோன். அவசரக்காரர்கள் இடைவெளி முழுவதையும் சிலிக்கோனாலேயே அடைப்பார்கள். முதல் சில மாதம் எதுவும் தெரியாது. டிசம்பர் மழையில் சுவர் ஊறும்.

உடைக்கும் வேலைக்கு வாரநாள் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு வருகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

தோ பாயோ வாசி:

எங்கள் வீடு தீவு விரைவுச்சாலையைப் பார்த்தது. இரவிலும் லாரிச் சத்தம். அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. இரட்டைக் கண்ணாடி போடலாம் என்றார்கள், விலையைக் கேட்டதும் முடியாது என்று தெரிந்துவிட்டது. கடைசியில் அப்பா படுக்கும் அறைக்கு மட்டும் லேமினேட்டட் கண்ணாடி (நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) வைத்து வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் போட்டோம். தள்ளு ஜன்னலில் கதவுகளுக்கு நடுவே எப்போதும் சின்ன இடைவெளி இருக்கும். வெளிப்பக்கம் திறக்கும் வகையோ மூடும்போது ரப்பரை அழுத்திப் பிடிக்கிறது. சத்தம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அப்பா தூங்குகிறார். மற்ற அறைகளுக்குச் சாதாரண டெம்பர்டு (சூடாக்கிக் கெட்டிப்படுத்திய) கண்ணாடி. எல்லா ஜன்னலுக்கும் ஒரே மாதிரி போடவேண்டும் என்று கட்டாயமில்லை. காசு குறைவாக இருப்பவர்கள் எந்த அறையில் யார் இருக்கிறார், வெயில் எங்கே அடிக்கிறது என்று பார்த்துப் பிரித்துச் செலவு செய்யுங்கள்.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் மொத்தத்தில் பாதியை முதலிலேயே கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்களில் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அப்படி இல்லாதவரிடம், வேலை நகர நகரக் கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். அங்கே எழுத்தில் இருப்பதுதான் கைகொடுக்கும், வாய்ப்பேச்சு அல்ல.

அங் மோ கியோ வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்டே எத்தனை கிலோ தாங்கும் என்று இன்று ஒரு கடையில் கேட்டேன். அந்தக் காண்ட்ராக்டர் உடனே மாதிரியை எடுத்துவந்து, ரிவெட்டைக் காட்டி விளக்கினார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் பெயர் பட்டியலில் இருக்கிறது. அவரிடமே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். சமையலறைக்கு எந்த வகை? வெளியே துணிக்கழி செருகும் குழாய் இருக்கிறது. அம்மா இன்னும் மூங்கில் கழியில்தான் துணி போடுகிறார்.

கண்ணாடிப் பட்டறை அண்ணன்:

நல்ல கேள்வி, பல பேர் ஜன்னல் வந்தபிறகுதான் இதை யோசிக்கிறார்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் கழி நீட்டும்போது குறுக்கே நிற்கும். ஈரத்துணியோடு கழியைத் தூக்கி, கதவையும் விலக்கி, எட்டிச் செருகுவது வயதானவர்களுக்கு நல்லதல்ல. தள்ளு ஜன்னல் போடுங்கள். ஆனால் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் குழாய் இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். அளவெடுக்க வரும்போது அம்மாவையே ஒரு கழியை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தாளிக்கும் எண்ணெய்ப் புகை தடத்தில் படியும், அதனால் சமையலறைத் தடத்தை மட்டும் அடிக்கடி துடையுங்கள். தாழ்வாரப் பக்க ஜன்னலுக்கும் தள்ளும் வகைதான், இல்லாவிட்டால் நடப்பவர்கள் தலையில் இடிக்கும்.

வேலை முடிந்த அன்றே கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கீழ்த் தடத்தில் மெதுவாக ஊற்றி, வெளியே வடிகிறதா என்று காண்ட்ராக்டர் முன்னாலேயே பாருங்கள். அதற்கு முன் கீழே யாரும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.