கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுக்கலாமா?

கேள்வி:
கும்பகோணத்தில் தாத்தா கட்டிய எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 90 வயதாகிறது. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே நிற்கும் ஒன்றரை அடிச் சுவரை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே இடமாக்கிக்கொள்ள விரும்புகிறோம். மேலே தேக்குக் கட்டைகள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய பாணிச் செங்கல்-சுண்ணாம்புக் கூரை. பத்து ஆண்டுகளுக்கு முன் சுவர்களின் அடிப்பகுதியில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசினோம். இப்போது மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாக உப்பி உதிர்கிறது. சுவரை இடித்து, விரிசல் விட்ட காவித் தரைமேல் விட்ரிஃபைட் டைல் ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

மறுமொழி 1:
முதலில் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அண்ணாந்து பாருங்கள். அவற்றின் முனைகள் அந்தச் சுவருக்குள் புதைந்திருந்தால், கட்டைகளின் மேல் அடுக்கிய செங்கல், அதன்மேல் அடித்து இறுக்கிய சுண்ணாம்புத் தளம், தட்டோடு ஆகிய அத்தனை பாரமும் அந்தச் சுவரின் தலையில்தான் இறங்குகிறது. அப்படியானால் முழுச் சுவரையும் எடுக்க நினைக்காதீர்கள். இரு முனைகளிலும் போதிய சுவரை விட்டு, நடுவில் மட்டும் அகலமான திறப்பு வைக்கலாம். அதற்கும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தரும் இரும்பு உத்திரம் வேண்டும்; அது ஏறும்வரை இருபுறமும் கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கட்டை முனைகளை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்ப்பதும் நல்லது, ஏனெனில் கரையானும் ஈரமும் முதலில் சுவருக்குள் இருக்கும் பகுதியைத்தான் தின்னும்.

மறுமொழி 2:
சுவரைவிட எனக்குக் கவலை தருவது அந்தச் சிமெண்ட் பூச்சுதான். இவ்வளவு பழைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பையும் கூடவே கொண்டுவரும். எங்கள் வீட்டிலும் இதே தவற்றைச் செய்து இரண்டு முறை பெயிண்ட் காசை இழந்தோம். உப்புப் பூத்த எல்லைக்கு ஓரடி மேல்வரை சிமெண்ட்டைக் கொத்தி, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பே பூசி வெள்ளையடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் வேண்டாம். டைலும் அதே வேலையைத்தான் செய்யும்: தரை ஈரத்தைச் சுவர்ப் பக்கம் தள்ளும். காவித் தரையின் விரிசலை அடைத்தால் நிறம் சற்றுத் திட்டாகத் தெரியும், அவ்வளவே.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஏணி வைத்துப் பார்த்தோம். கட்டைகள் அந்தச் சுவரில்தான் முடிகின்றன, அவற்றில் ஒன்றில் ஸ்குரூடிரைவர் அரை அங்குலம் இறங்கியது. இடிப்பதை நிறுத்திவிட்டோம். நாளை சிமெண்ட்டைக் கொத்தத் தொடங்குகிறோம். பொறியாளர் வந்து பார்த்த பிறகே திறப்பைப் பற்றி முடிவெடுப்போம்.