வெளிநாட்டுல இருந்து வந்ததும் காய்ச்சல்: உங்ககிட்ட தேதி கேட்டாங்களா?

கோவைக்காரி:
என் வீட்டுக்காரர் வேலை விஷயமா பாங்காக் போயிட்டு 8ம் தேதி வந்தாரு, 11ம் தேதி ராத்திரி குளிர் ஜுரம். கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுன்னு லைட்டையே போட விடல. மறுநாள் பக்கத்து கிளினிக் போனோம், அங்க டைபாய்டுக்கு விடால் டெஸ்டும், டெங்குவுக்கு ஐஜிஎம்முன்னு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பாக்குற டெஸ்டும் மட்டும் எடுத்தாங்க. டெங்கு நெகட்டிவ், விடால்ல லேசா ஏதோ காட்டுது, டைபாய்டா இருக்கும்னு சொல்லி மாத்திரையும், உடம்பு வலிக்கு இடுப்புல ஒரு டைக்ளோஃபெனாக் ஊசியும் போட்டு அனுப்பிட்டாங்க. பாங்காக் போனத யாரும் கேக்கல, எனக்கும் சொல்லணும்னு தோணல, அத நெனச்சா இப்பவும் மனசு அடிச்சிக்குது.

14ம் தேதி வேற டாக்டரம்மா கிட்ட போனோம். அவங்க உக்காரச் சொன்னதுமே கேட்டது ரெண்டே கேள்வி, எந்த ஊர்ல இருந்து எந்த தேதி வந்தீங்க, காய்ச்சல் எந்த தேதி எந்த நேரம் ஆரம்பிச்சுது. ரெண்டாவது நாள்ல ஐஜிஎம் பாத்தா டெங்குவே இருந்தாலும் நெகட்டிவ்னு தான் வரும்மா, அது உடம்புல உருவாகவே நாலஞ்சு நாள் ஆகும்னாங்க. டெங்கு வைரசோட புரதத்தையே பாக்குற என்எஸ்1 டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ். ரத்தத்த கண்ணாடித் துண்டுல தேச்சு மைக்ராஸ்கோப்புல பாக்குற மலேரியா ஸ்மியரும் சேத்துப் பாத்தாங்க, அது இல்ல. இனிமே பாரசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை ஊசி எதுவும் கூடாது, ரத்தம் கசியும்னு கண்டிப்பா சொன்னாங்க.

16ம் தேதி ஜுரம் விட்டுடுச்சு. அப்பாடான்னு நான் ரசம் சாதம் பிசைஞ்சேன், ஒரு வாய் கூட எறங்கல, வாந்தி, வயித்த புடிச்சிட்டு சுருண்டு படுத்துட்டாரு. நெஞ்சுல என் கைய வெச்சு எடுத்தா அஞ்சு விரலும் வெள்ளையா பதிஞ்சு கொஞ்ச நேரம் அப்படியே நின்னு தான் மறையுது, அவ்ளோ செவந்து கெடந்துச்சு உடம்பு. அட்மிட் பண்ணப்ப பிளேட்லெட் 34,000. நாங்க எல்லாரும் அந்த நம்பரையே கட்டிட்டு அழுதோம், மாமியார் பப்பாளி இலை சாறோட வந்து நிக்கிறாங்க, ஆனா டாக்டரம்மா பாத்தது பிசிவிய, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கிற கணக்க. 41ல இருந்தது 50க்கு ஏறிடுச்சு, ரத்தக்குழாய்ல இருந்து தண்ணி வெளிய கசிஞ்சு ரத்தம் கெட்டியாகுதுன்னு அர்த்தமாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிசிவி பாத்து பாத்து சலைன் ஓட்டத்த கூட்டி கொறைச்சாங்க. ரெண்டு நாள்ல ஆள் எந்திரிச்சிட்டாரு. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

லேப் மேசை:
அக்கா, நான் சென்னைல லேப் டெக்னீஷியனா 14 வருஷமா இருக்கேன். எங்களுக்கு வர்ற ஃபார்ம்ல "ஃபீவர்"னு ஒரு வார்த்தை தான் இருக்கும், எத்தனாவது நாள்னு இருக்காது. மொத அஞ்சு நாளுக்குள்ளனா என்எஸ்1 இல்லனா வைரசோட மரபணுவத் தேடுற பிசிஆர், அதுக்கு மேலனா ஐஜிஎம், இது தெரியாம ரத்தத்த மட்டும் குடுத்தா நாங்க என்ன பண்ண முடியும் சொல்லுங்க. முன்னாடியே ஒருதடவை டெங்கு வந்த ஆளுக்கு என்எஸ்1 சீக்கிரமே காணாம போயிடும், ஐஜிஜிங்கிற இன்னொரு எதிர்ப்பொருள் தான் சரசரன்னு ஏறும்.

எனக்கு மறக்கவே முடியாதது ஒருத்தர் நைஜீரியால மூணு வாரம் வேலை பாத்துட்டு வந்தது. டெங்கு கார்டுல ஐஜிஎம் கோடு ரொம்ப மங்கலா, லைட்டுக்கு நேரா புடிச்சா தான் தெரியுது, வார்டுல டெங்குன்னே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. ராத்திரி பத்து மணிக்கு நானே போய் அவர்கிட்ட கேட்டேன். போறதுக்கு முன்னாடி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுட்டு தான் போனேன் தம்பின்னாரு. மஞ்சள் காய்ச்சல் வைரசும் டெங்குவும் ஜிக்காவும் ஜப்பான் மூளைக்காய்ச்சலும் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு உருவான ஐஜிஎம் இன்னொண்ணோட டெஸ்ட்லயும் ஒட்டிக்கும், அந்த மங்கல் கோடு தடுப்பூசியால கூட வந்திருக்கலாம். உடனே ஸ்மியர் போட்டு பாத்தேன், ஒரே சிவப்பணுக்குள்ள ரெண்டு ரெண்டு மோதிரம், ஃபால்சிபாரம் மலேரியா. விடியிறதுக்குள்ள மலேரியாவுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, பொழச்சிட்டாரு. ஆப்பிரிக்கால இருந்து வந்த ஆளுக்கு ஜுரம்னா மொதல்ல மலேரியா தான் பாக்கணும், ஒரு ஸ்மியர் நெகட்டிவ்னு விட்டுடவும் கூடாது, மூணு தடவை பாக்கணும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
நாங்கள் 2025 சித்திரை வருசத்துக்கு யாழ்ப்பாணம் போயிட்டு கடைசிக் கிழமை கொழும்பில வெள்ளவத்தைச் சித்தி வீட்ட நிண்டனாங்கள். லண்டன் வந்து மூண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். டொக்டருக்கு போன் எடுத்தா வைரலா இருக்கும், பனடோல் போட்டுட்டு படுங்கோ எண்டவை. காய்ச்சல் ரெண்டு நாளில குறைஞ்சிட்டுது, ஆனா மணிக்கட்டு, விரல், கணுக்கால் எல்லாம் வீங்கி, தேத்தண்ணிக் கேத்திலை ரெண்டு கையாலயும் அணைச்சுத்தான் தூக்கினன், படியில இருந்து இருந்து இறங்கினன். ஏ அண்ட் ஈ எண்ட அவசரப் பிரிவுக்குப் போக அங்க ஒரு இளம் டொக்டர், கடைசி 21 நாளும் எங்கெங்க நிண்டனீங்கள், நுளம்பு கடிச்சதோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டு எழுதினவ. முதல் மலேரியா பாத்து இல்லை எண்டான பிறகு ரத்தம் போர்ட்டன் டவுனில இருக்கிற ஆய்வுகூடத்துக்குப் போனது. அந்தப் படிவத்தில போன நாடு, போன தேதி, வந்த தேதி, காய்ச்சல் தொடங்கின தேதி எல்லாம் நிரப்ப வேணும். வந்த முடிவு டெங்கு இல்லை, சிக்குன்குனியா. அந்த வருசம் கொழும்புப் பக்கம் அதுவும் நல்லாப் பரவினது எண்டு பிறகுதான் தெரியும். ஆறு மாசமாகியும் காலமை எழும்பினா விரல் மடங்காது. ஆனாலும் என்ன நோய் எண்டு தெரிஞ்சது பெரிய ஆறுதல், முடக்குவாதம் எண்டு நினைச்சு எவ்வளவு பயந்திருந்தனான்.

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்:
ஒண்ணு யாரும் சொல்லல. டெங்குவோ சிக்குன்குனியாவோ, காய்ச்சல் வந்த மொத ஒரு வாரம் அந்த ஆள் பகல்லயும் கொசுவலைக்குள்ள படுக்கணும். இத பரப்புற ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, அவர கடிச்ச கொசு பத்து நாள் பக்கம் கழிச்சு அடுத்த வீட்டுல கடிச்சா அங்க ஆரம்பிச்சுடும். 2007ல இத்தாலில காஸ்டிலியோனே டி செர்வியான்னு ஒரு சின்ன ஊர், கேரளாவுல இருந்து போன ஒரே ஒருத்தருக்கு அங்க போனப்ப காய்ச்சல் வந்திருக்கு, அந்த வட்டாரத்துல 200 பேருக்கு மேல சிக்குன்குனியா வந்துச்சு. அங்க அதுக்கு முன்னாடி அந்த நோயே கெடையாது. அம்மா, உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி போற வரைக்கும் அஞ்சாறு நாள் வீட்டுல தானே இருந்தாரு, சுத்தி தண்ணி தேங்கியிருக்கான்னு பாத்தீங்களா?

கோவைக்காரி:
சார், நீங்க கேட்டதுமே மொட்டை மாடிக்கு ஓடினேன். பழைய பெயிண்ட் டப்பா ரெண்டு, தென்னை ஓடு, கழட்டிப் போட்ட டயர், எல்லாத்துலயும் புழு நெளியுது. கவுத்துப் போட்டு பிரஷ் வெச்சு தேச்சேன், முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரேயையும் உருவி கொட்டிட்டேன். கீழ் வீட்டுல ஒன்பது மாசக் குழந்தை இருக்கு, அவங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டு ஒரு கொசுவலையும் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். இன்னைக்கு வரைக்கும் குழந்தைக்கு ஜுரம் இல்ல, தினமும் காலைல போய் நெத்திய தொட்டுப் பாத்துட்டு தான் வர்றேன்.