ஒலியை நிறுத்திவிட்டுப் பாட்டு பார்த்தபோது

இசைக் காணொளிகளுக்கு உதவிப் படத்தொகுப்பாளராக இருக்கிறேன். வெட்டுகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க, எடிட் அறையில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுவோம். பாட்டு மயக்கிக்கொண்டிருந்ததெல்லாம் அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும். பாடகர் முழு உருவமாக நடந்து வருவார், கேமராவை நேராகப் பார்ப்பார். கூட ஆடும் பெண்கள் இடுப்பு, உதடு, முதுகு என்று துண்டுதுண்டாக வருவார்கள்.

ஒரு பாட்டில் பின்வரிசையில் ஆடிய பெண், தரையில் சுழன்று ஒரே மூச்சில் எழும் அசைவை அபாரமாகச் செய்திருந்தார். அதை வெட்டாமல் முழுதாக வைத்தேன். "கவனம் அவங்க மேல போயிடுது, இடுப்பு க்ளோஸப் போடு" என்றார் இயக்குநர். அந்த ஆட்டம் போயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு ஷாட் திரையில் நிற்பது ஓரிரு நொடிதான். அதற்குள் இவர் யார் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமென்றால், எல்லோருக்கும் பழகிய அச்சுதான் முதலில் கைக்கு வருகிறது: கோபக்கார ஆண், காத்திருக்கும் பெண். அவசரம் ஒரு காரணம், சரி. ஆனால் அந்த அச்சைப் பார்த்துத்தானே பிள்ளைகள் வளர்கிறார்கள்?

அப்புறம், பதின்வயதினருக்கு ஒரு பயிலரங்கு நடத்தக் கூப்பிட்டார்கள். அங்கும் ஒலியில்லாமல்தான் போட்டுக் காட்டினேன். இது என் கண்டுபிடிப்பல்ல. 1990-இல் பேராசிரியர் சுட் ஜாலி, எம்டிவியில் வந்த காணொளிகளின் பாட்டை எடுத்துவிட்டுத் தன் விளக்கத்தைச் சேர்த்து ஓர் ஆவணப்படமே செய்தார். வழக்குப் போடுவோம் என்று அந்த சேனல் மிரட்டியது. "கைகளை மட்டும் பாருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். விளம்பரப் படங்களில் ஆணின் கை பொருளை இறுகப் பிடிப்பதையும், பெண்ணின் கை சும்மா வருடுவதையும் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1979-இலேயே எழுதியிருக்கிறார். அதைச் சொல்லாமலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

திரையில் இருந்த பாடகரைக் காட்டி ஒரு பையன் கேட்டான்: "இவர் ஏன் ஒரு தடவைகூட சிரிக்கல?" பக்கத்தில் இருந்தவன், "சிரிச்சா கெத்து போயிடும்" என்றான். முதல் பையன் விடவில்லை. "சோகம்னாலும் எதையாவது உடைக்கத்தான் செய்றாங்க, யாரும் அழறதே இல்ல." பெண்களைக் காட்டும் விதம் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். இந்தப் பையன்களுக்குக் கிடைப்பதும் ஒரே ஒரு முகம்தான் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

கடைசியில் அவர்களே கைபேசியில் ஒரு பாட்டு எடுத்தார்கள். படம்பிடித்த பெண், பழக்கத்தில் தோழியின் காலிலிருந்து மெல்லக் கேமராவை மேலே கொண்டுபோனாள். தோழி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "என் முகத்துலேர்ந்து ஆரம்பி" என்றாள். மறுபடி எடுத்தார்கள்.

எடுக்காத ஷாட்டை எடிட்டில் கொண்டுவர வழியில்லை என்பதால், இப்போதெல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே ஒளிப்பதிவாளரிடம் பேசி, ஆடும் எல்லோருக்கும் முழு உருவ ஷாட் கேட்டு வாங்குகிறேன். சிலர் தருகிறார்கள்.