அப்பத்தாவுக்கு மரபணுப் பரிசோதனை வேண்டுமா?

குழு: பாம்பன் வீட்டார்

சரவணன் (சென்னை), மாலை 6.10
அனைவருக்கும் வணக்கம். எச்சில் மாதிரியை அனுப்பினால், முதுமையில் நினைவாற்றல் எப்படி இருக்கும் என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வதாக ஒரு விளம்பரம் வந்தது. அப்பத்தா அண்மைக் காலமாகப் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி அழைப்பதால், அவருக்குச் செய்து பார்க்கலாமா? செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

செல்வி அத்தை (தொண்டி), 6.24
தம்பி, 11 பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் பெயர் மாறுவது புதிதல்ல. அந்தக் காலத்தில் மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கிடைத்தது என்று போன வாரம் கேட்டபோது, நீரோட்டம் திரும்பும் நேரம் முதற்கொண்டு வரிசையாகச் சொன்னார். ஆனாலும், அவருடைய அக்கா கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே யாரென்று கேட்டதை நினைத்தால் எனக்கும் பயம்தான். மலர் இதைப் படித்தவள், அவள் சொல்லட்டும்.

மலர்விழி (மதுரை), 7.02
அத்தை, மறதி நோயும் நோயில்லாத முதுமையும் வேறு வேறு. விளம்பரம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறது. அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஇ என்ற மரபணுவை. அதன் இ2, இ3, இ4 என்ற மூன்று வடிவங்களில் இ4 அல்சைமர் என்ற மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது 1993 முதல் தெரிந்த செய்தி. அது இருந்தும் நோய் வராதவர்களும், இல்லாமலே வந்தவர்களும் ஏராளம். நலமாக உள்ள முதியவர்களிடம் இ4 உண்டாக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. பெருங்கூட்டத்தின் சராசரியில் தெரியுமே தவிர, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

ஸ்காட்லாந்தில் 1932-இல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். அவர்களில் சிலரை 80 வயதளவில் தேடிப்பிடித்து மீண்டும் சோதித்தபோது, சிறுவயது மதிப்பெண்ணில் இ4 உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வேறுபாடே இல்லை. முதுமையில்தான் இ4 உள்ளவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள்.

சேது சித்தப்பா (மண்டபம்), 7.15
அப்படியானால் நினைவாற்றல் வழிவழியாக வருவதில்லை என்கிறாயா? எங்கள் ஐயா கடைசிவரை மொய்க் கணக்கை நோட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார். அது எனக்கும் வாய்த்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

செல்வி அத்தை, 7.16
வண்டிச் சாவியை நீ ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தேடிய கதையை உன் வீட்டில் சொன்னார்கள்.

மலர்விழி, 7.31
வருகிறது, சித்தப்பா. ஸ்வீடனில் 80 வயதைக் கடந்த இரட்டையர்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவின்படி, நினைவாற்றலில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்கு மரபே காரணம். ஆனால் அந்தப் பாதி எண்ணற்ற மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. 2006-இல் நினைவாற்றலோடு தொடர்புடையதாகக் கிப்ரா என்ற மரபணு பெரிதாகப் பேசப்பட்டது. அதன் விளைவும் சிறியதே, எல்லா ஆய்வுகளிலும் அது தென்படவும் இல்லை.

சரவணன், 7.40
சிறிதளவாவது தெரிந்துகொள்வதில் என்ன நட்டம்?

மலர்விழி, 7.58
நட்டம் உண்டு, அண்ணா. கலிஃபோர்னியாவில் நலமாக உள்ள முதியவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், தமக்கு இ4 இருப்பதை அறிந்தவர்கள், அது இருந்தும் அறியாதவர்களைவிட நினைவுத் தேர்வில் மோசமாகச் செய்தார்கள். மரபணு ஒன்றுதான், தெரிந்துகொண்டதுதான் வேறுபாடு. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, 2007-இல் தம் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது ஏபிஓஇ பற்றிய தகவலை மட்டும் மறைக்கச் சொன்னார். அப்பத்தாவிடம் கேட்காமல் நாம் முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைவிட, அவர் தொலைக்காட்சியைத் தெருவே கேட்கும்படி வைப்பதை யாரும் கவனிக்கவில்லையா? லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் கேட்கும் திறன் குறைவும் ஒன்று. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதில் உண்டு.

செல்வி அத்தை, 8.05
வாசலில் நின்று கூப்பிட்டது யார் என்றே அவருக்குக் கேட்டிருக்காது. உத்தேசமாக ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். இராமநாதபுரத்தில் காது மருத்துவரிடம் நான் அழைத்துச் செல்கிறேன்.

சேது சித்தப்பா, 8.09
வண்டியை நான் எடுத்து வருகிறேன். சர்க்கரையும் பார்ப்பதாக இருந்தால் வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள். சரவணா, நீ ஒதுக்கிய பணத்தைக் காது கருவிக்கு வைத்திரு.