டேட்டாபேஸ் பாதியில் நிற்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

தாம்பரம்_லோக்கல்:
அப்பாவின் ஐபாட் கிளாசிக், 160 ஜிபி, 2010-இல் வாங்கியது. மூன்று வருடம் முன்பு, ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ஓடும் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நான்தான் போட்டுக் கொடுத்தேன். போன வாரத்திலிருந்து டேட்டாபேஸ் தயாராக இல்லை என்கிறது. ‘இனிஷியலைஸ் நவ்’ கொடுத்தால் பாட்டுகளை எண்ணிக்கொண்டே போய் 6,214-இல் நின்று, தானாக ரீபூட் ஆகிறது. நான்கு தடவையும் அதே எண். பாட்டு ஏற்றிய கம்ப்யூட்டர் 2015 வெள்ளத்தில் போய்விட்டது, வேறு பிரதி இல்லை. பாதிக்கு மேல் அப்பா கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரிகள். என்ன செய்யலாம்?

கன்சோல்_கந்து:
பாஸ், பதினைந்து வருட ஹார்ட் டிஸ்க். அதற்கும் ஆயுசு உண்டு. டிஸ்குக்குப் பதிலாக அடாப்டர் வாங்கி எஸ்டி கார்டு போட்டு, ஃபார்மேட் செய்து, முதலிலிருந்து ஏற்றுங்கள். ரிச்சி தெருவில் கிளாசிக் முதுகைப் பிரிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பார். நாமே பிரித்தால் மெட்டல் வளைந்துவிடும், அனுபவம். அழிந்த பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறது.

மார்கழி_மாமி:
எந்த ஸ்ட்ரீமிங்கில்? சபாவில் மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததை யார் ஏற்றி வைத்திருக்கிறார்கள்? முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் கந்து.

தம்பி, பயப்படாதீர்கள். டேட்டாபேஸ் வேறு, பாட்டு வேறு. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதியிருக்கும் பாட்டு, பாடகர் விவரத்தை (டேக்) படித்து ராக்பாக்ஸ் எழுதி வைத்துக்கொள்ளும் அட்டவணை மட்டும்தான் அது. ராக்பாக்ஸ் ஃபோல்டரில் ‘டேட்டாபேஸ்’ என்று தொடங்கி டிசிடி என்று முடியும் கோப்புகள்தான் அந்த அட்டவணை. அவற்றை அழித்தால் ஒரு பாட்டும் போகாது. எதை எத்தனை தடவை கேட்டார் என்ற கணக்கு வைத்திருந்தால் அது மட்டும் போகும். அழித்துவிட்டு மறுபடி இனிஷியலைஸ் கொடுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:
அழித்துப் பார்த்தேன் மாமி. மறுபடி 6,214.

ஃபோல்டர்_பையன்:
டேட்டாபேஸே எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஃபைல்ஸ் மெனுவில் போய் ஃபோல்டராகத் திறந்து கேட்கலாமே. நம் ஊர் எம்பி3 எதிலாவது டேக் ஒழுங்காக இருக்கிறதா? இளையராஜா என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஏ’ ஒன்று போட்டவர் ஒருவர், இரண்டு போட்டவர் இன்னொருவர், ‘எல்’ இரண்டு போட்டவர் மற்றொருவர். டேட்டாபேஸுக்கு அவர் மூன்று ஆள். ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டவுன்லோட் செய்த சைட்டின் பெயர் இருக்கும். இதற்கு ஒரு அட்டவணை வேறு.

மார்கழி_மாமி:
அவர் வீட்டில் ஃபோல்டர் உதவாது. முதலில் ஐடியூன்ஸ் வழியாக ஏற்றியது, இல்லையா தம்பி? ஐடியூன்ஸ், பாட்டுகளை எஃப்00, எஃப்01 என்று வரிசையாக எஃப்49 வரை பிரித்துப் போட்டு, கோப்பின் பெயரையும் நான்கு எழுத்துக் குப்பையாக மாற்றிவிடும். அதில் தோடி எங்கே, பைரவி எங்கே என்று தேடச் சொல்கிறீர்களா? டேக்தான் ஒரே வழி.

ஃபோல்டர்_பையன்:
சரி, ஐடியூன்ஸ் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த ஐம்பது ஃபோல்டர் இருப்பதும் நல்லதுதான். ‘டேட்டாபேஸ் டாட் இக்னோர்’ என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு போட்டால், அந்த ஃபோல்டரை ராக்பாக்ஸ் தொடாது. இருபத்தைந்து ஃபோல்டரில் அதைப் போட்டு ஓட்டுங்கள். நிற்காமல் முடிந்தால் கோளாறு அந்த இருபத்தைந்தில். அதைப் பாதியாக்குங்கள். ஆறு சுற்றில் ஒரு ஃபோல்டருக்கு வந்துவிடலாம்.

கன்சோல்_கந்து:
ஆறு சுற்று! சாகக் கிடக்கும் டிஸ்கை ஆறு தடவை முழுக்கச் சுற்ற விட்டால், ஏழாவது சுற்றுக்கு டிஸ்க் இருக்காது. ஒரே எண்ணில் நிற்பதால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது. கெட்ட செக்டர், அதாவது டிஸ்கில் பழுதான துண்டு, இடம் மாறாது, அதனால் அதுவும் ஒரே எண்ணில்தான் நிறுத்தும். முதலில் ராக்பாக்ஸின் டீபக் மெனுவில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். அப்புறம் விண்டோஸில் டிஸ்க் செக் ஓட்டுங்கள்.

மார்கழி_மாமி:
முதல் பாதி சரி. இரண்டாம் பாதி கூடவே கூடாது. பிரதி எடுக்காமல் செக் ஓட்டினால், தலைகால் புரியாத துண்டுகளை எல்லாம் அது ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் சிஎச்கே கோப்புகளாகக் கொட்டும். எது எந்தக் கச்சேரி என்று பிறகு யார் கண்டுபிடிப்பது? முதலில் நகல், அப்புறம் வைத்தியம். நகல் எடுக்கும்போது எந்தக் கோப்பில் தடுக்குகிறது என்று குறித்துக்கொண்டால் அந்த ஆறு சுற்றுகூடத் தேவைப்படாது.

கன்சோல்_கந்து:
நகல் முதலில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். டிஸ்க் விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.

தாம்பரம்_லோக்கல்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு ராத்திரி முழுக்க நகல் எடுத்தேன். எஃப்31-இல் இரண்டு கோப்புகள் மட்டும் வரவில்லை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 3 ஜிபி என்று காட்டின. எம்பி3 எங்கே அவ்வளவு பெரிதாக இருக்கும்? அப்புறம்தான் நினைவு வந்தது: போன வாரம் கரண்ட் போனபோது, நான் பாதி காப்பியில் கேபிளைப் பிடுங்கினேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த இரண்டு கோப்பும் அன்றைக்கு ஏற்றிய சினிமாப் பாட்டு, கச்சேரி எதுவும் போகவில்லை.

பிறகு செக் ஓட்டி, அவற்றை நீக்கி, இனிஷியலைஸ் கொடுத்தேன். 9,807 வரை போய் முடிந்தது. கந்து சார், ஸ்மார்ட்டில் பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை) பூஜ்யம், மாற்றி வைத்த செக்டர் (கெட்டுப்போனதால் டிஸ்க் மாற்று இடம் கொடுத்தவை) மூன்று.

கன்சோல்_கந்து:
மூன்று என்பது தொடக்கம். கார்டு வாங்கி வையுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:
வாங்குகிறேன் சார். இப்போது வேறு பஞ்சாயத்து. அப்பா ராகத்தை, இசை வகை எழுதும் ஜான்ரா டேகில் போட்டு வைத்திருக்கிறார். தோடி இரண்டு வரியாக வருகிறது, ஆங்கிலத்தில் முதல் எழுத்தான ‘டி’க்குப் பிறகு ‘எச்’ போட்டது ஒன்று, போடாதது ஒன்று.

ஃபோல்டர்_பையன்:
நான் சொன்னேனா இல்லையா?

மார்கழி_மாமி:
நகலில், டேக் திருத்தும் எம்பி3டேக் மென்பொருள் கொண்டு ஜான்ரா வாரியாக வரிசைப்படுத்தி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஸ்பெல்லிங் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. எச் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் அப்பாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.